விண்வெளிப் படைக்குத் தலைவர் யார்?

நாட்டைக் காக்கும் படைகள் யாவை என்று கேட்டால், தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றையும் சிறு பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். இவற்றுள் முதலிரண்டும் மிகப் பழையவை. மூன்றாவது, விமானம் என்னும் ஊர்தி தோன்றிய பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. இம்மூன்றோடு நான்காவதாக ஒரு படை நம் காலத்தில் தோன்றியுள்ளது. அதுவே விண்வெளிப் படை. அமெரிக்க நாடு 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி அதனைத் தனிப் படையாக நிறுவிற்று. நம் நாட்டில் அதே ஆண்டில், மூன்று படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு விண்வெளி முகமை பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு பணியாற்றத் தொடங்கிற்று. இத்தகைய புதிய அமைப்புக்குத் தலைமை தாங்கும் அதிகாரிகள் எங்கிருந்து வருகின்றனர், அவர்களுக்கு வழங்கும் பதவிப் பெயர்கள் எவ்வாறு அமைகின்றன, அப்பெயர்களால் நாட்டுக்கு ஆவது என்ன என்பவற்றை இவ்வுரையில் காண்போம்.

மும்பையில் மாஹிம் பகுதியில் வாழும் நேயர்கள் இப்பொருளின் அடிப்படையை அறிய வெகு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாஹிம் விரிகுடாவின் கரையில் நிற்கும் பழைய கோட்டையே அதற்குப் போதும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாஹிம் கழியின் தென்கரை ஆங்கிலேயர் வசமும், பாந்திரா அமைந்த வடகரை போர்ச்சுகீசியர் வசமும் இருந்தன. கழியின் வாயிலாக வரும் கலங்களைக் கண்காணிக்கக் கோட்டை வேண்டியிருந்தது. காவலன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறானோ அவ்வளவு தூரம் அவன் பார்வை சென்றது. காவலன் கண்டதை யாரிடம் சொல்வது, சொன்னதைக் கேட்டு யார் முடிவு செய்வது என்பதைப் பதவி வரிசை தீர்மானித்தது. இன்றைக்கு அந்த உயரம் பல நூறு கிலோமீட்டராகவும் பல்லாயிரம் கிலோமீட்டராகவும் வளர்ந்துவிட்டது. காவல் மாடத்தின் இடத்தைச் செயற்கைக்கோள் பெற்றுவிட்டது. ஆயினும் கண்டதை யாரிடம் சொல்வது, யார் முடிவு செய்வது என்னும் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது.

விண்வெளிப் படை என்றவுடன், விண்கலத்தில் ஏறி வானத்தில் போர் புரியும் வீரர்களைச் சிலர் கற்பனை செய்துகொள்ளக்கூடும். அது உண்மையன்று. 1984-இல் விண்வெளி சென்ற ஸ்குவாட்ரன் லீடர் ராகேஷ் சர்மாவும், 2025-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கித் திரும்பிய குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லாவும் நம் விமானப்படை அதிகாரிகளே. ஆனால் அவர்கள் சென்றது ஆராய்ச்சிப் பயணம். விண்வெளிப் படையின் அதிகாரிகளோ பெரும்பாலும் தரையில், கணிப்பொறித் திரைகளின் முன்னே அமர்ந்து பணிபுரிவோர். செயற்கைக்கோள்களை இயக்குதல், பிற நாட்டுக் கோள்களின் போக்கைக் கவனித்தல், கோளோடு கோள் மோதாமல் எச்சரித்தல், ஏவுகணை புறப்பட்டால் அறிந்து கூறுதல், வானிலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்து படைகளுக்கு அனுப்புதல் ஆகியவையே அவர்களுடைய அன்றாடத் தொழில்.

அத்தொழிலின் பயன் நம் வீட்டு வாசல்வரை வந்துள்ளது. தாராவியிலிருந்து சாமான் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர் தம் கைப்பேசியில் வழி பார்க்கிறார். அவ்வழியைக் காட்டும் ஜி.பி.எஸ். கோள்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றை இயக்குவோர் அமெரிக்க விண்வெளிப் படையினர். நம் நாட்டுக்கென அமைந்த நாவிக் கோள்களை இஸ்ரோ இயக்குகிறது. மாஹிம் மீனவர் கடலுக்குச் செல்லுமுன், மீன் கூட்டம் இருக்கக்கூடிய இடங்களை ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் கோள்வழித் தரவுகளைக் கொண்டு அறிவிக்கிறது. இத்தகைய கோள்களை எதிரி ஒருவன் குருடாக்கிவிட்டால், துன்பம் போர்முனையோடு நில்லாது. தெருவுக்கும் துறைமுகத்துக்கும் வந்து சேரும். ஆகையால் இவற்றைக் காப்பவர் யார், அவருக்கு உள்ள அதிகாரம் எத்துணை என்பது நம் அனைவருக்கும் உரிய கேள்வியாகும்.

இனிப் பதவி வரிசையைப் பார்ப்போம். படைகளில் பதவி நிலை என்பது வேறு, பொறுப்பு என்பது வேறு. மேஜர் ஜெனரல் என்பது பதவி நிலை. ஒரு படைப்பிரிவின் தளபதி என்பது பொறுப்பு. பொறுப்பு மாறிக்கொண்டே இருக்கும். பதவி நிலையோ அதிகாரியோடு கூடவே செல்லும். உயர் அதிகாரிகளின் நிலையை நட்சத்திரங்களால் குறிப்பது வழக்கம். அவர்களுடைய மோட்டார் வண்டியின் முகப்பில் அந்நட்சத்திரங்களைக் காணலாம். ஒரு நட்சத்திரம் உடையவர் தரைப்படையில் பிரிகேடியர், கடற்படையில் கமோடோர், விமானப்படையில் ஏர் கமோடோர். இரண்டு நட்சத்திரம் உடையவர் முறையே மேஜர் ஜெனரல், ரியர் அட்மிரல், ஏர் வைஸ் மார்ஷல். மூன்று உடையவர் லெப்டினென்ட் ஜெனரல், வைஸ் அட்மிரல், ஏர் மார்ஷல். நான்கு உடையவர் ஜெனரல், அட்மிரல், ஏர் சீஃப் மார்ஷல். இம்மூவருமே தத்தம் படைகளின் தலைவர்கள். ஐந்தாவது நட்சத்திரம் மிக அரிது. தரைப்படையில் மானெக்ஷாவும் கரியப்பாவும் பீல்டு மார்ஷல் பட்டம் பெற்றனர். விமானப்படையில் அர்ஜன் சிங் ஒருவரே 2002-இல் அதற்கு இணையான பட்டம் பெற்றார்.

மூன்று படைகளுக்கும் மூன்று விதப் பெயர்கள் ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி பிரிட்டன், தன் தரைப்படையின் பறக்கும் பிரிவையும் கடற்படையின் பறக்கும் பிரிவையும் ஒன்றாக்கி ராயல் விமானப்படையை அமைத்தது. முதலில் அதன் அதிகாரிகள் மேஜர், கர்னல் என்னும் தரைப்படைப் பெயர்களையே பூண்டிருந்தனர். தனிப் படைக்குத் தனிப் பெயர் வேண்டும் என்ற எண்ணம் விரைவிலேயே எழுந்தது. கடற்படைப் பெயர்களுக்கு முன்னே ‘ஏர்’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. தங்கள் பெயரை மற்றொரு படை அப்படியே எடுத்துக்கொள்வதைக் கடற்படையார் விரும்பவில்லை. முடிவில் 1919 ஆகஸ்டு 1-ஆம் தேதி முதல் ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் கேப்டன், ஏர் மார்ஷல் முதலிய புதிய வரிசை நடைமுறைக்கு வந்தது. 1932-இல் பிறந்த நம் விமானப்படையும் அவ்வரிசையையே ஏற்றது. புதிய படை ஒன்று பழைய படையின் ஒரு பிரிவன்று என்பதை உலகுக்கும், தன் வீரர்களுக்கும் உணர்த்தவே இத்தனை முயற்சியும் நடந்தது.

நூறு ஆண்டுகள் கழித்து அதே விவாதம் அமெரிக்காவில் எழுந்தது. புதிய விண்வெளிப் படைக்கு எப்படை அதிகாரிகளின் பெயர்களைச் சூட்டுவது? விண்வெளிப் பயணம் கடற்பயணத்தை ஒத்தது. ஆகையால் கடற்படைப் பெயர்களே பொருந்தும் என்றனர் சிலர். தொலைக்காட்சித் தொடரில் விண்கப்பல் தலைவனாக நடித்துப் புகழ்பெற்ற வில்லியம் ஷாட்னரும் இக்கருத்தை எழுதி வற்புறுத்தினார். 2020 ஜூலையில் பிரதிநிதிகள் சபை இதற்கான திருத்தத்தை ஏற்றது. ஆயினும் இறுதிச் சட்டத்தில் அத்திருத்தம் இடம்பெறவில்லை. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த வரிசையில், அதிகாரிகளுக்கு விமானப்படையில் வழங்கும் லெப்டினென்ட், கேப்டன், மேஜர், கர்னல், ஜெனரல் ஆகிய பெயர்களே நிலைத்தன. அந்நாட்டு விமானப்படை 1947-இல் தரைப்படையிலிருந்து பிரிந்தபோது எடுத்துவந்த பெயர்கள் அவை. கீழ்நிலை வீரர்களுக்கு மட்டும் ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்னும் புதுப்பெயர் கிடைத்தது. படையினர் அனைவருக்கும் பொதுப்பெயராகக் ‘கார்டியன்’, அதாவது காவலர், என்னும் பெயர் 2020 டிசம்பரில் சூட்டப்பட்டது.

பெயர் பழையதாயினும், தலைவருக்கு அளித்த நிலை புதியது. அப்படையின் தலைவர் விண்வெளி நடவடிக்கைகளின் தலைமை அதிகாரி என்று அழைக்கப்படுகிறார். நான்கு நட்சத்திர ஜெனரல் அவர். படை அமைந்து ஓராண்டு கழிந்ததும், 2020 டிசம்பரில், நாட்டின் கூட்டுப் படைத்தலைவர் குழுவிலும் அவருக்கு இடம் கிடைத்தது. 2024-ஆம் ஆண்டில்கூட அப்படையில் சீருடை அணிந்தோர் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர்தான். எனினும் பல இலட்சம் வீரர்களைக் கொண்ட தரைப்படையின் தலைவரோடு அவர் ஒரே மேசையில் சமமாக அமர்கிறார். படையின் அளவைக் கருதாமல் பணியின் முக்கியத்துவத்தைக் கருதி அளித்த இடம் இது.

எனினும் அத்தலைவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் தலைவர் ஜெனரல் ஜான் ரேமண்டும், 2022 நவம்பரில் அவருக்குப்பின் வந்த ஜெனரல் சான்ஸ் சால்ட்ஸ்மனும் விமானப்படையில் வளர்ந்தவர்கள். 2020 ஏப்ரலில் அந்நாட்டு விமானப்படைக் கல்லூரியிலிருந்து 86 இளைஞர்கள் நேராக விண்வெளிப் படையில் லெப்டினென்ட்களாகச் சேர்ந்தனர். அத்தகைய ஒருவர் படிப்படியாக உயர்ந்து நான்கு நட்சத்திரம் பெறுவதற்கு முப்பது ஆண்டுகளேனும் செல்லும். ஆதலின் அப்படையிலேயே பிறந்து அப்படையிலேயே வளர்ந்த தலைவரை அந்நாடு 2050-ஆம் ஆண்டையொட்டித்தான் எதிர்பார்க்க இயலும். பதவிப் பெயரை ஓர் உத்தரவினால் மாற்றிவிடலாம். தலைவரை உருவாக்குவதற்கு ஒரு தலைமுறைக் காலம் வேண்டும்.

நம் நாட்டு வரலாறும் இதையே காட்டுகிறது. 1932-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த முதல் விமானிகளுள் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி. நாடு விடுதலை பெற்ற பின்னும் ஏழு ஆண்டுக்காலம் ஆங்கிலேய அதிகாரிகள் மூவர் அடுத்தடுத்து நம் விமானப்படைக்குத் தலைமை தாங்கினர். 1954 ஏப்ரல் 1-ஆம் தேதியன்றுதான் முகர்ஜி அப்பொறுப்பை ஏற்றார். படை பிறந்து இருபத்திரண்டாம் ஆண்டில் அதற்குச் சொந்தத் தலைவர் கிடைத்தார். கடற்படைக்கோ 1958 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அதன் முதல் இந்தியத் தலைவரானவர் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. அவர் செங்கற்பட்டில் பிறந்தவர்; பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற டஃபரின் பயிற்சிக் கப்பலில் 1927-இல் சேர்ந்த முதல் அணி மாணவர்களுள் ஒருவர். அப்பயிற்சி அன்று தொடங்காதிருந்தால், முப்பது ஆண்டு கழித்து அப்பதவிக்கு ஆள் கிடைத்திருப்பது அரிது.

இன்னொரு சான்று மாஹிம் கடலிலேயே இருக்கிறது. இக்கரையோரம் 1960-களிலும் 1970-களிலும் கள்ளக்கடத்தல் பெருகியது. 1974-இல் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டறியப்பட்டதும், நடுக்கடலில் காக்க வேண்டிய செல்வமும் கூடியது. ருஸ்தம்ஜி தலைமையிலான குழு தனிப்படை ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. கடற்படையிடமிருந்து பெற்ற சில கப்பல்களோடு 1977 பிப்ரவரியில் இடைக்கால அமைப்பு தொடங்கியது. 1978 ஆகஸ்டில் சட்டப்படி இந்தியக் கடலோரக் காவல் படை உருப்பெற்றது. கடலில் இயங்கும் படையாயினும், சட்டத்தைக் காப்பதே அதன் முதற்கடமை. ஆகவே அதன் உயர் அதிகாரிகள் டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரல், இன்ஸ்பெக்டர் ஜெனரல், டைரக்டர் ஜெனரல் என்று போலீசாரை ஒத்த பெயர்களைப் பெற்றனர். முதல் டைரக்டர் ஜெனரலான வைஸ் அட்மிரல் காமத் கடற்படையிலிருந்து வந்தவர். பெயர் வேறாயிற்று, தலைமை மட்டும் நெடுங்காலம் பெரும்பாலும் கடற்படையினரிடமே இருந்தது. 2016-இல் ராஜேந்திர சிங் தலைமை ஏற்றது முதல், அப்படையிலேயே பணிபுரிந்து உயர்ந்த அதிகாரிகள் தொடர்ந்து அப்பொறுப்புக்கு வந்துள்ளனர். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

இவ்வளவும் கண்டபின் நம் பாதுகாப்பு விண்வெளி முகமைக்கு வருவோம். 2019 மார்ச் 27-ஆம் தேதி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த நம்முடைய கோள் ஒன்றை நம் ஏவுகணையே தாக்கி உடைத்தது. மிஷன் சக்தி எனப்பட்ட அச்சோதனை, விண்வெளியிலுள்ள உடைமைக்கு ஆபத்து உண்டு என்பதையும், அதைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு உண்டு என்பதையும் ஒருங்கே காட்டியது. அதையொட்டிச் செயற்பாட்டுக்கு வந்த முகமைக்கு முதல் தலைவராக ஏர் வைஸ் மார்ஷல் தார்க்கர் நியமிக்கப்பட்டார். அதாவது, இரண்டு நட்சத்திர அதிகாரி. மூன்று படைகளிலிருந்தும் அதிகாரிகளை வரவழைத்து முகமை அமைக்கப்பட்டது. ஒருங்கிணைந்த பாதுகாப்பு அலுவலகத்தின் கீழ் அது வைக்கப்பட்டது. 2020 ஜனவரி 1-ஆம் தேதி ஜெனரல் பிபின் ராவத் முதல் முப்படைத் தலைமைத் தளபதியானபோது, அவ்வலுவலகம் அவருடைய பொறுப்பில் வந்தது. பிரிட்டனும் 2021 ஏப்ரலில் விண்வெளிக் கட்டளையகத்தை அமைத்தபோது, ஏர் வைஸ் மார்ஷல் நிலையிலுள்ள ஒருவரையே அதன் தலைவராக்கியது. ஆகவே நம் ஏற்பாடு உலக வழக்கத்துக்கு மாறானதன்று.

ஆயினும் இவ்வேற்பாட்டில் ஆராய வேண்டிய இடர்கள் இரண்டு உள்ளன. முதலாவது, குரலின் வலிமை. நெருக்கடி நேரத்தில் ஒரே கோளின் படம் வடக்கு எல்லையிலுள்ள தரைப்படைக்கும் வேண்டும், அரபிக் கடலிலுள்ள கடற்படைக்கும் வேண்டும். யாருக்கு முதலில் என்ற வினா எழும்போது, இரண்டு நட்சத்திர அதிகாரி நான்கு நட்சத்திரத் தலைவர்களிடம் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கலாம். முப்படைத் தலைமைத் தளபதியின் ஆதரவு அவருக்கு உண்டு. ஆனால் அத்தளபதியை அடைவதற்கு இடையே படிகளும் உண்டு. விண்வெளியில் நிகழ்வன நிமிடக் கணக்கில் நிகழ்வன.

இரண்டாவது, அனுபவத்தின் இழப்பு. மற்றொரு படையிலிருந்து இரவலாக வரும் அதிகாரி, கோள்களின் இயல்பைக் கற்றுத் தேர்வதற்குள் அவருடைய தவணை முடிந்துவிடக்கூடும். தம் பதவி உயர்வு தாய்ப்படையின் கையில் இருப்பதால் அவர் அங்கே திரும்பத்தான் விரும்புவார். அது மனித இயல்பு. கற்ற கல்வி அவரோடு சென்றுவிடும். அடுத்து வருபவர் முதற்பாடத்திலிருந்து தொடங்குவார்.

அப்படியானால் நாளையே தனிப் படையும் நான்கு நட்சத்திரத் தலைவரும் வேண்டும் என்று முடிவு செய்யலாமா? அவசரம் கூடாது என்பாரின் வாதத்திலும் பொருள் உண்டு. வீரர் சிலரும் ஜெனரல் பலருமாக அமையும் படை, வேர் சிறிதாய்க் கிளை பெரிதாய் நிற்கும் மரம் போன்றது. தனிப் படைக்குத் தனி நிர்வாகம், தனிப் பயிற்சிச்சாலை, தனிச் செலவு எல்லாம் வேண்டும். சீனா 2015 இறுதியில் விண்வெளிப் பணிகளை உள்ளடக்கிய பெரும்படை ஒன்றை அமைத்து, 2024 ஏப்ரலில் அதனைக் கலைத்துப் பணிகளைப் பிரித்தது. ரஷ்யா 2015-இல் விண்வெளிப் பிரிவை விமானப்படையோடு இணைத்தது. பிரான்சு 2020-இல் தன் விமானப்படைக்கே விமான, விண்வெளிப் படை என்று பெயரிட்டுக்கொண்டது. எந்த வடிவம் சிறந்தது என்பதில் உலகம் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

வடிவம் எதுவாயினும், ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போடுவதற்கில்லை. விண்வெளியையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொள்ளும் இளம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்து, அத்துறையிலேயே வைத்திருந்து, அத்துறையிலேயே உயர்வு கிடைக்கும் என்னும் உறுதியை அவர்களுக்கு அளிப்பதே அது. 2024 அக்டோபரில் 52 கண்காணிப்புக் கோள்களுக்கான திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்தது. கோள்கள் சில ஆண்டுகளில் வானத்தை அடைந்துவிடும். அவற்றை ஆளத்தக்க தலைவர்களோ இன்று பள்ளியில் படிக்கும் சிறுவர் சிறுமியருள் இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள பெற்றோர்க்கு ஒரு செய்தி. இத்துறையில் நுழைய விரும்பும் மாணவர் முதலில் முப்படைகளுள் ஒன்றில் அதிகாரியாதல் வேண்டும். அதற்கான வாயில்களுள் ஒன்று, புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்லூரி. 2022 முதல் அங்கே பெண்களும் பயில்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்போடு எழுதத்தக்க தேர்வு அது. விமானப்படைக்கும் கடற்படைக்கும் கணிதமும் பௌதிகமும் இன்றியமையாதவை. வானத்தை ஆளும் கல்வியின் முதற்படி அக்கணிதமே.

நிறைவாக ஒன்று கூற வேண்டும். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, பேரழிவு ஆயுதங்களை விண்வெளியில் நிறுத்துவதையும், நிலவில் படைத்தளம் அமைப்பதையும் தடை செய்கிறது. நம் நாடும் அதற்குக் கட்டுப்பட்டது. எனவே விண்வெளிப் படைத்தலைவரிடம் நாம் எதிர்பார்ப்பது போர்வெறியன்று. எச்சரிக்கை வரும்போது அது உண்மையா, கருவியின் பிழையா என்று பகுத்தறியும் அறிவும், மேலிடத்துக்கு உள்ளதை உள்ளபடி உரைக்கும் துணிவுமே அவரிடம் நாம் வேண்டுவன. அவ்வறிவு நீண்ட பயிற்சியால் வருவது. அத்துணிவுக்கு அரணாக நிற்பது அவருக்கு நாடு அளிக்கும் பதவி நிலை. இரண்டையும் ஒருங்கே அளிப்பது அரசின் கடமை. அதுபற்றி அறிந்து வினவுவது குடிமக்களாகிய நம் கடமை.